மூத்திரத்தில் இரத்தம்

நாற்பத்தைந்து வயதைக் கடந்த ஒருவனுக்கு ஒரு நாள் காலையில் மூத்திரம் செந்நிறமாகப் போகிறது. வலியில்லை, எரிச்சலில்லை, ஜுரமில்லை. மறுநாள் நிறம் தெளிந்துவிடுகிறது. இம்மனிதன் சிவகாசிக்கோ சாத்தூருக்கோ அருகிலுள்ள ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்து நடந்ததைச் சொன்னால், 'உஷ்ணம்' என்று சொல்லி நாலு மாத்திரை கொடுத்து அவனைத் திருப்பி அனுப்பலாகாது. மூத்திரப்பையிலோ சிறுநீரகத்திலோ புற்று இல்லை என்று பார்த்துத் தெளிந்த பிறகே அவனை விட வேண்டும். இன்று நாம் சொல்ல வந்த விஷயம் இவ்வளவுதான். இதற்கு ஒரு தலையங்கம் வேண்டுமா என்று சிலர் கேட்கக்கூடும். வேண்டும் என்பதே நமது அபிப்பிராயம்.

விருதுநகர் ஜில்லாவில் விபத்து என்றால் அது வெடிச் சப்தத்தோடு வருவது. 2012-ஆம் வருஷம் செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியில் நாற்பதுக்குச் சற்றேறக்குறைய உயிர்கள் போயின. 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் இருபதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். இவற்றுக்குப் பத்திரிகைகளில் முதல் பக்கம் உண்டு. மந்திரிகளின் வரவு உண்டு. நஷ்ட ஈட்டு அறிவிப்பும் விசாரணைக் கமிட்டியும் உண்டு. உண்டாக வேண்டியதுதான். ஆனால் சப்தமின்றி வரும் வியாதிக்கு இந்த மரியாதைகளில் ஒன்றும் கிடைப்பதில்லை. மூத்திரப்பைப் புற்று அப்படிப்பட்ட வியாதி. 2022-ஆம் வருஷத்தில் மட்டும் உலகத்தில் சுமார் 6 லட்சம் பேருக்கு இது புதிதாகக் காணப்பட்டது. ஒரு பெண்ணுக்கு மூன்று அல்லது நான்கு ஆண்கள் என்ற விகிதத்தில் இது ஆண்களையே மிகுதியாகப் பற்றுகிறது.

இந்த ஜில்லாவில் இதைக் கண்டுபிடிப்பதற்கு ஒரு தனிச் சங்கடம் இருக்கிறது. கரிசல் காட்டு வெயிலும் தண்ணீர்த் தட்டும் நமக்குப் புதியவை அல்ல. மருந்துக் கலவை அறையிலும் திரி கட்டும் கொட்டகையிலும் காலை முதல் உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள், எண்ணிக்கைக் கூலி குறைந்துவிடுமே என்று தண்ணீர் குடிக்கவும் எழுந்திருப்பதில்லை. பெண்களோ, ஒதுங்க இடமில்லை என்பதற்காகவே தண்ணீரைக் குறைத்துக்கொள்ளுகிறார்கள். ஆகவே நீர்க்கடுப்பும் நீர்ச்சுருக்கும் கல்லடைப்பும் இங்கே வீட்டுக்கு வீடு பேசப்படும் உபாதைகள். கால் பெருவிரலில் சுண்ணாம்பு தடவுவதும், சோம்புத் தண்ணீர் குடிப்பதும், நுங்கு வாங்கித் தின்பதும் எல்லோருக்கும் தெரிந்த பரிகாரங்கள். நூறு பேருக்கு மூத்திரம் நிறம் மாறினால் பெரும்பாலோருக்கு இப்படிப்பட்ட சாதாரணக் காரணமே இருக்கும் என்பதையும் ஒப்புக்கொள்ளுகிறோம். ஆனால் சாதாரண வியாதி மலிந்த இடத்தில்தான் அசாதாரண வியாதி எளிதில் ஒளிந்துகொள்ளுகிறது. போதாக்குறைக்கு, புற்றினால் வரும் இரத்தம் தானே வந்து தானே நிற்கும் சுபாவமுடையது. சுண்ணாம்பு தடவிய மறுநாள் நின்றால் சுண்ணாம்பு குணப்படுத்தியதாகிறது. ஆன்டிபயாட்டிக் மாத்திரை தின்ற மறுநாள் நின்றால் மாத்திரை குணப்படுத்தியதாகிறது. ஆறு மாதமோ ஒரு வருஷமோ கழித்து அது மீண்டும் வரும்போது, மூத்திரப்பையின் உட்சவ்வோடு நின்றிருந்த கட்டி தசைக்குள் இறங்கியிருக்கும்.

நியாயஸ்தலத்தில் குற்றம் ருசுவாகும் வரையில் எதிரி நிரபராதி. அந்த விதியை நாம் எத்தனையோ முறை எடுத்து வாதித்திருக்கிறோம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வைத்தியசாலையில் இந்த இரத்தத்தின் விஷயத்தில் மட்டும் விதி நேர் மாறானது. குற்றமற்றது என்று ருசுவாகும் வரையில் அதைக் குற்றவாளியாகவே நடத்த வேண்டும். இங்கிலாந்தில் குடும்ப வைத்தியர்களுக்கு வகுத்திருக்கும் நெறி இதைத்தான் சொல்லுகிறது: நாற்பத்தைந்தும் அதற்கு மேலும் வயதானவருக்குக் கிருமிக் காரணம் தெரியாமல் கண்ணுக்குத் தெரியும்படி இரத்தம் போனாலும், கிருமிக்கு மருந்து கொடுத்த பிறகும் இரத்தம் நிற்காவிட்டாலும், நின்று மீண்டும் வந்தாலும், தாமதமின்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். கண்ணுக்குத் தெரியாமல் பரிசோதனையில் மட்டும் தெரியும் இரத்தத்துக்கு அறுபது வயது என்று வரம்பு வைத்து, அதனோடு எரிச்சலோ வெள்ளையணு மிகுதியோ இருந்தால் அனுப்பும்படி சொல்லியிருக்கிறார்கள். இரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்பதும் அனுப்பாமலிருக்கக் காரணமாகாது.

மருந்து கொடுத்த பிறகு என்ன ஆயிற்று என்று பார்ப்பது பெண்களின் விஷயத்தில் மிகவும் முக்கியம். எரிச்சலோடு வரும் ஸ்திரீக்குக் கிருமி மருந்து கொடுப்பதில் தவறில்லை. மருந்து முடிந்த பின் மறுபடி மூத்திரத்தைப் பார்க்காமல் விடுவதே தவறு. இவ்வியாதி ஆண்களுக்கு அதிகம் என்ற எண்ணத்தினாலேயே பெண்களுக்குத் தாமதமாகக் கண்டுபிடிக்கப்படுகிறது என்பது அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் கண்ட அனுபவம். நமது தீப்பெட்டி ஆபீஸ்களிலும் பட்டாசுச் சாலைகளிலும் உழைப்பவர்களில் பெண்கள் எவ்வளவு பேர் என்பதை வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

தொழிலுக்கும் இவ்வியாதிக்கும் உள்ள சம்பந்தம் நேற்று இன்று கண்டதன்று. 1895-ஆம் வருஷத்தில் ஜெர்மனியில் பிராங்பர்ட் நகரத்து ரண வைத்தியர் லுட்விக் ரென் என்பவர், சாயம் தயாரிக்கும் சாலையில் வேலை செய்த சிலருக்கு மூத்திரப்பையில் கட்டி கண்டிருப்பதைச் சபையில் எடுத்துச் சொன்னார். 1921-இல் சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் அதைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. 1954-இல் பிரிட்டிஷ் சாயத் தொழிலாளிகளின் மரணக் கணக்கை எடுத்துப் பார்த்து, பென்ஸிடீன், பீட்டா நாப்தைலமீன் என்ற சரக்குகளே காரணம் என்று ஐயமற நிலைநாட்டினார்கள். முதலில் எச்சரித்ததற்கும் 1967-இல் அந்நாட்டில் தடை வந்ததற்கும் இடையே எழுபத்திரண்டு வருஷங்கள்! நமது சர்க்கார் பென்ஸிடீன் சாயங்களைத் தடுத்தது 1993-இல். வேறு பல சாயங்களைத் தடுத்தது 1997-இல். இச்சரக்குகளின் விஷம் சுவாசத்தாலும் தோலாலும் உடம்பில் ஏறி, இரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தால் வடிகட்டப்பட்டு, மூத்திரப்பையில் மணிக்கணக்காகத் தேங்கி நிற்கிறது. அங்கேதான் அது தன் வேலையைச் செய்கிறது. செய்து முடிக்க இருபது, முப்பது வருஷங்கள் எடுத்துக்கொள்ளுகிறது. ஆகவே தடை வந்துவிட்டது என்பதால், அதற்கு முன் சாயத் தொட்டியில் கை நனைத்தவன் தப்பிவிட்டான் என்று அர்த்தமில்லை.

நமது ஜில்லாவுக்கு இதனால் என்ன என்று பார்ப்போம். அருப்புக்கோட்டையில் நெசவும் நூலுக்குச் சாயமேற்றுவதும் பரம்பரைத் தொழில்கள். சிவகாசியில் பட்டாசும் தீப்பெட்டியும் போக மூன்றாவது பெருந்தொழில் அச்சு. பிரான்ஸில் லியான் நகரத்திலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி ஸ்தாபனம், வர்ணம் பூசும் தொழிலைப் புற்று உண்டாக்குவதென்று தீர்மானித்திருக்கிறது. அச்சுத் தொழிலைச் சந்தேகத்துக்குரிய வரிசையில் 1996 முதல் வைத்திருக்கிறது. 2022-இல் அதே ஸ்தாபனம், தீயணைக்கும் தொழில் மூத்திரப்பைப் புற்றை உண்டாக்கும் என்பதற்குப் போதுமான சாட்சியம் உண்டு என்று சொல்லிற்று. ஒவ்வொரு வெடி விபத்துக்கும் முதலில் ஓடிப்போய் அப்புகையைச் சுவாசிக்கிறவர்கள் சிவகாசி, சாத்தூர் வட்டாரத்துத் தீயணைப்பு வீரர்கள் அல்லவா? அவர்களுக்கு இச்செய்தி எட்டியிருக்குமா?

பட்டாசு மருந்தைப் பற்றி நாம் நிதானமாகப் பேச வேண்டும். வெடியுப்பும் கந்தகமும் அலுமினியப் பொடியும் மூத்திரப்பையில் புற்று உண்டாக்குகின்றன என்று இதுவரை ருசுவாகவில்லை. அலுமினியம் உருக்கும் ஆலைகளில் இப்புற்று அதிகம் என்பது மெய். ஆனால் அதற்குக் காரணம் அங்கே எழும் தார்ப் புகையே தவிர உலோகம் அன்று. ருசுவில்லாத குற்றத்தைத் தொழிலின் மீது சுமத்துவது, பல லட்சம் குடும்பங்களின் சோற்றில் கை வைப்பதாகும். அதற்கு நாம் உடந்தையாக மாட்டோம். ஆயினும் கலவை அறைக்குள் பார்த்தவனுக்குத் தெரியும்: மாலையில் வெளியே வருகிறவன் தலை முதல் கால் வரை வெள்ளி பூசிய விக்கிரகம்போல இருக்கிறான். அவனை இருபது வருஷம் தொடர்ந்து பார்த்துக் கணக்கெடுக்காமல் கெடுதல் உண்டென்றும் சொல்ல முடியாது, இல்லையென்றும் சொல்ல முடியாது. கணக்கெடுக்காமல் இருப்பதையே அபயமாகக் கொள்ளும் முதலாளிகளின் வாதத்தை நாம் ஏற்கவில்லை.

ருசுவான பெருங்குற்றவாளி ஒன்று நம் கண்ணெதிரே திரிகிறது. அது புகையிலை. மூத்திரப்பைப் புற்று கண்டவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் விஷயத்தில் காரணம் புகை பிடித்தலே என்று மேல் நாட்டுக் கணக்குகள் சொல்லுகின்றன. புகைப்பவன் நெஞ்சை நினைக்கிறான், நீர்ப்பையை நினைப்பதில்லை. பட்டாசுச் சாலைக்குள் பீடி பற்ற வைத்தால் உடனே ஆபத்து என்று வாசலில் மடியைச் சோதிக்கிறார்கள். வெளியே வந்தபின் அவன் பிடிக்கும் பீடியை யாரும் கேட்பதில்லை.

இன்னொரு விஷயத்தையும் சொல்லாமல் விட மனமில்லை. கரிசல் நிலத்தில் ஆடுதின்னாப்பாளை என்ற பூண்டு தானே முளைக்கிறது. வயிற்றுப் பூச்சிக்கும் விஷக்கடிக்கும் அதைக் கொடுப்பதுண்டு. இந்த இனத்துப் பூண்டுகளில் உள்ள அமிலம் சிறுநீரகத்தைக் கெடுப்பதோடு, அதிலிருந்து இறங்கும் குழாயில் புற்றையும் உண்டாக்கும் என்பது இப்போது தீர்மானமான சங்கதி. பெல்ஜியத்தில் உடல் மெலியச் சீன மூலிகை சாப்பிட்ட ஸ்திரீகளுக்குச் சிறுநீரகம் பழுதானது 1993-இல் வெளிவந்தது. தைவான் சர்க்கார் 2003-இல் அவ்வகை மூலிகைகளைத் தடுத்தார்கள். நமது நாட்டு வைத்தியத்தை இகழ்வது நம் நோக்கமன்று. அதை இகழ்ந்தவர்களோடு நாம் போராடியவர்களே. ஆனால் விஷமென்று தெரிந்ததைச் சுதேசி என்பதற்காக விழுங்க முடியாது. வைத்தியர்களே இதை ஜனங்களுக்கு எடுத்துச் சொல்ல முன்வர வேண்டும். இங்கிலீஷ் மருந்துகளும் இதில் புனிதமல்ல. சர்க்கரை வியாதிக்குக் கொடுக்கும் பியோகிளிட்டசோனை, மூத்திரப்பைப் புற்றுச் சந்தேகத்தின் பேரில் 2013-இல் நமது சர்க்கார் சில வாரங்கள் தடுத்து, பிறகு எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்ற நிபந்தனையோடு திரும்ப அனுமதித்தார்கள். அதைச் சாப்பிடுகிறவரிடம் மூத்திரத்தில் எப்போதாவது இரத்தம் போயிற்றா என்று எத்தனை இடத்தில் கேட்கிறார்கள்?

கண்டுபிடித்து என்ன பயன், புற்று என்றால் முடிவுதானே என்று மனம் சோர்பவர்கள் உண்டு. இது தவறான எண்ணம். கட்டி உட்சவ்வோடு நிற்கும்போது, வயிற்றைக் கிழிக்காமல் மூத்திரத் துவாரத்தின் வழியாகவே கருவியைச் செலுத்திச் சுரண்டி எடுத்துவிடுகிறார்கள். மீண்டும் முளைக்காதிருக்கச் சிலருக்கு பி.சி.ஜி. மருந்தை மூத்திரப்பைக்குள் செலுத்துகிறார்கள். க்ஷயத்துக்காகக் குழந்தைகளுக்குக் குத்தும் அதே பி.சி.ஜி.தான், அதைத் தயாரிப்பதற்கென்றே கிண்டியில் 1948-இல் ஒரு சாலை ஏற்பட்டது. அது மூத்திரப்பைப் புற்றுக்கும் உதவும் என்று 1976-இல் கனடாவில் மொராலிஸ் என்ற வைத்தியர் காட்டினார். அமெரிக்கக் கணக்கின்படி, புற்று உட்சவ்வைக் கடக்காத நிலையில் கண்டவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்டவர்கள் ஐந்து வருஷத்துக்குப் பின்னும் ஜீவித்திருக்கிறார்கள். தூர உறுப்புகளுக்குப் பரவிய பின் கண்டவர்களில் பத்துப் பேர்கூட மிஞ்சுவதில்லை. முன்னதற்கும் பின்னதற்கும் இடையில் நிற்பது பல சமயங்களில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் மேஜைதான்.

அந்த மேஜையில் செய்ய வேண்டியது அதிகமில்லை. மூத்திரத்தில் தோய்த்துப் பார்க்கும் பரிசோதனைப் பட்டை சொற்ப விலைக்குக் கிடைக்கிறது. அதைப் பார்க்க நர்ஸ் போதும். க்ஷயரோக மாத்திரையாலும் பீட்ரூட்டாலும் சிவக்கும் மூத்திரத்தை உண்மையான இரத்தத்திலிருந்து பிரித்துக்காட்ட அது உதவும். ஆனால் கண்ணால் சிவப்பைக் கண்டேன் என்று ஒருவன் சொன்ன பிறகு, அன்றைக்குப் பட்டையில் ஒன்றும் தெரியவில்லை என்று அவன் வார்த்தையைத் தள்ளிவிடலாகாது. நாம் முன்பே சொன்னபடி, வந்து நிற்பதே இதன் சுபாவம். பிறகு ஸ்கேன், பிறகு மூத்திரப்பைக்குள் பார்க்கும் சிஸ்டாஸ்கோப்பி. ஊரிலுள்ள எல்லோருக்கும் மூத்திரப் பரிசோதனை செய்யுங்கள் என்று நாம் கேட்கவில்லை. அப்படிச் செய்வதால் நன்மை என்று நிலைநாட்டப்படவுமில்லை. இரத்தம் கண்டேன் என்று தானே வந்து சொல்லுகிறவனை இழந்துவிடாதீர்கள் என்றுதான் கேட்கிறோம்.

தேசீயத் திட்டத்தில் வாய், மார்பு, கருப்பை வாய் ஆகிய மூன்று புற்றுகளுக்கே பரிசோதனை. நமது ராஜ்யத்தில் 2021-இல் 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்தது. 2024-இல் தொழிற்சாலைக்கே போய்த் தொழிலாளிக்கு இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் திட்டமும் வந்தது. இவற்றை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். தொழிற்சாலை வாசல் வரை போன பிறகு, "உனக்கு எப்போதாவது மூத்திரத்தில் இரத்தம் போயிருக்கிறதா? இதற்கு முன் என்ன என்ன வேலை செய்திருக்கிறாய்?" என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டு வருவதில் என்ன கஷ்டம்? இரண்டாவது கேள்வியை நாம் காரணத்தோடுதான் சொல்லுகிறோம். சிவகாசியில் குழந்தைகளை வேலைக்கு வைத்ததைப் பற்றிச் சுப்ரீம் கோர்ட்டு 1996 டிசம்பர் 10-ந் தேதி தீர்ப்புச் சொல்லிற்று. அப்போது குழந்தைகளாக இருந்தவர்களுக்கு இன்று நாற்பது வயது. அவர்களில் பலருக்குத் தொழிலில் முப்பது வருஷ அனுபவம். இங்கிலாந்துக்காரர்களின் நாற்பத்தைந்து என்ற வரம்பை இவர்களுக்கு அப்படியே வைத்து அளப்பது நியாயமா என்பதை நமது வைத்தியர்கள் யோசிக்க வேண்டும்.

சட்டம் இதில் ஊமையாக இல்லை. 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 89-வது பிரிவு, தொழிலால் வந்த வியாதியைக் காணும் வைத்தியர் தலைமை இன்ஸ்பெக்டருக்கு எழுத வேண்டும் என்று கட்டளையிட்டது. அதன் மூன்றாவது அட்டவணையில் தொழில்வழிப் புற்றும் இருந்தது. 1923-ஆம் வருஷத்து நஷ்ட ஈட்டுச் சட்டத்தின் அட்டவணையில் மூத்திரப்பை, சிறுநீரகம், அவற்றை இணைக்கும் குழாய் ஆகியவற்றின் உட்சவ்வில் தோன்றும் கட்டி தனி ஐட்டமாகவே இடம் பெற்றது. 2025 நவம்பர் 21 முதல் இவற்றின் ஸ்தானத்தில் புதிய தொழிற் சட்டத் தொகுப்புகள் வந்திருக்கின்றன. அறிவிக்கும் கடமையை அவையும் வைத்தியர் மேல் வைத்திருக்கின்றன. ஆனால் நோயாளி என்ன தொழில் செய்தான் என்று ஒருவரும் கேட்டு எழுதாவிட்டால், எந்த வைத்தியர் எதை அறிவிப்பார்? எந்த விதவை எதைக் காட்டி நஷ்ட ஈடு கேட்பாள்? அத்தாட்சி ஆதியிலேயே எழுதப்படாத வழக்கு எப்படி முடியும் என்பது எந்த வக்கீலுக்கும் தெரியும்.

வைத்தியர்களுக்கு வேலைப் பளு அதிகம் என்பதை நாம் அறிவோம். ஒரு காலையில் வரிசையில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தவர்கள் அவர்களைக் கடிந்துகொள்ள மாட்டார்கள். தொழிலாளியின் கஷ்டமும் சிறிதல்ல. சிவகாசியிலிருந்து மதுரை பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுபது கிலோமீட்டருக்கு மேல். போனால் ஒரு நாள் கூலி போயிற்று. சிஸ்டாஸ்கோப்பிக்கு வேறொரு நாள் வா என்றால் இன்னொரு நாள் கூலி. தீபாவளிக்கு முந்திய மாதங்களாக இருந்தால் போகவே மாட்டான். ஆகவே அனுப்பு என்று சீட்டெழுதுவது மட்டும் போதாது. விருதுநகரில் 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட சர்க்கார் வைத்தியக் கல்லூரி ஆஸ்பத்திரியில் வாரத்தில் ஒரு நாள் இவர்களுக்கென்று ஒதுக்கி, சுகாதார நிலையத்துச் சீட்டோடு வருகிறவனுக்கு ஸ்கேனும் சிஸ்டாஸ்கோப்பியும் ஒரே நாளில் முடித்து அனுப்ப வேண்டும். சிவகாசி இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கும் அந்த வழி திறந்திருக்க வேண்டும். அன்றைய கூலியை முதலாளி கொடுக்கட்டும். ஆயுத பூஜைக்குச் செலவிடுவதில் அது எத்தனையில் ஒரு பங்கு? தொழிற் சங்கத்தார் போனஸ் பேச்சு வார்த்தையின்போது இந்த ஒரு நாளையும் சேர்த்துக் கேட்க வேண்டும். கிராமந்தோறும் போய்ப் பேசுகிற நமது ஊழியர்கள் மூத்திரத்தைப் பற்றி மேடையில் பேசுவதா என்று கூச்சப்படலாகாது. மலேரியாவைப் பற்றியும் குஷ்டத்தைப் பற்றியும் பேசிய வாய்க்கு இது ஒரு கூச்சமா?

செலவில்லாமல் நாளைக்கே தொடங்கக்கூடிய காரியம் ஒன்று உண்டு. ஜில்லா கலெக்டரும் சுகாதார அதிகாரியும் ஆரம்ப சுகாதார நிலையத்து ஓ.பி. சீட்டில் பெயர், வயது, ஊர் இவற்றுக்குக் கீழே 'தொழில். எத்தனை வருஷம்' என்று ஒரு வரி சேர்க்கும்படி உத்தரவிடட்டும். அச்சடித்துக் கொடுக்கச் சிவகாசியில் அச்சுக்கூடங்களுக்குப் பஞ்சமில்லை.